பேய்ப் புத்தகத்துக்குப் பயன் சொன்னது

இணுவில் ஸ்ரீ நல்லொழுக்கப் பரிபாலன வாசிகசாலை, பேய் என்று ஒன்று இல்லை என 1937ஆம் ஆண்டு மாசி மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக ஒன்பது வாக்கு, எதிராக நாலு. விவாதம் நீண்டு பொழுது பட்டுவிட்டது. ஆகவே அங்கத்தவர் பதின்மூன்று பேரும் ஒரே லாம்பின் பின்னால், ஒருவர் வேட்டியை மற்றவர் மிதித்துக்கொண்டு, ஒவ்வொருவராக அவரவர் வீட்டு வாசல் படலையில் கொண்டுபோய் விட்டோம். பன்னிரண்டாவது ஆளை விட்ட பிறகுதான், பதின்மூன்றாவது ஆளைக் கொண்டுபோய் விட ஒருவரும் மிச்சமில்லை என்பது தெரிந்தது. அவர் பன்னிரண்டாவது ஆளின் வீட்டிலேயே படுத்து விடிந்த பிறகு போனார். அந்தப் பதின்மூன்றாவது ஆள் நான். எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்று கேட்க வேண்டாம்.

என் பெயர் மார்க்கண்டு. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பெறக்கிராசியாரிடம், அதாவது உறுதி முடிக்கிற வழக்கறிஞரிடம், கிளாக்கர். காணி உறுதிப் பத்திரங்களை இங்கிலீசிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து இங்கிலீசுக்கும் மாற்றி எழுதுவது தொழில். அதனால் எதைக் கண்டாலும் அதற்கு வடக்கெல்லை தெற்கெல்லை தேடுகிற வியாதி ஒன்று உண்டு. மற்றபடி ஊரில் பகிடிக்காரன் என்று பெயர். பகிடியால் எனக்கு இன்றுவரை ஒரு நன்மையும் வந்ததில்லை. இந்தக் கதையில் வருகிற தீமையும் அதனால் வந்ததுதான்.

அடுத்த வருசம் ஆனி மாதம் என் பெண்சாதி பூரணத்தை மிஷன் பெண்கள் ஆசுபத்திரியில் சேர்த்தேன். வயிற்றில் கட்டி. வெட்டித்தான் எடுக்கவேண்டும், ஆனால் உடம்பில் இரத்தம் போதாது, மூன்று கிழமை வைத்துத் தேற்றிய பிறகுதான் கத்தி வைக்கலாம் என்று டொக்டர் அம்மா சொல்லிவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பார்க்க விடுவார்கள். முதல் நாள் இரண்டு மணித்தியாலமும் பகிடி விட்டேன். இரண்டாம் நாள் பாதியில் பகிடி முடிந்துபோயிற்று. மிச்ச நேரம் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு புத்தகத்தோடு போனேன்.

வாசிகசாலையில் அன்று கைக்கு அகப்பட்டது அதுதான். காலஞ்சென்ற ஒரு பறங்கித் துரையின் பெண்சாதி, வீட்டைக் காலி பண்ணும்போது வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்ட புத்தகங்களில் ஒன்று. மூன்று பாகம். நூற்று முப்பது வருசத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் அச்சடித்தது. முகப்பில் 'ஒரு வரலாறு' என்று போட்டிருந்தபடியால் வாசிகசாலையில் அதை வரலாற்றுத் தட்டில் வைத்திருந்தார்கள். அது வரலாறு அல்ல. பேய்க் கதை.

கிளாரிந்தா என்று தாய் தகப்பன் இல்லாத ஒரு பெட்டை. அவளுடைய சிறிய தகப்பன் ஒரு பிரபு. அவளை மலையுச்சியிலுள்ள தன் கோட்டைக்குக் கொண்டுவருகிறான். கோட்டையில் நாற்பது அறை. வடக்குக் கோபுரத்து அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. பொழுது பட்டதும் அந்தப் பூட்டிய அறைக்குள் மணி அடிக்கிறது. வேலைக்காரர் ஓடுகிறார்கள், கிளாரிந்தா மயங்குகிறாள், அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் திரும்பவும் மணி, திரும்பவும் மயக்கம்.

இதை வாசித்துவிட்டு அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய பெரிய துரைமாரெல்லாம் விளக்கை அணைக்கப் பயந்து படுத்ததாக இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருந்தது. ரோச் லைற்றையும் மோட்டார் பஸ்சையும் கண்டுவிட்ட எங்களுக்கு அது வேறு மாதிரி இருந்தது. ஒரு கதவைத் திறக்க அந்த மனிதன் நாலு பக்கம் எடுத்தான். நான் உறுதி மொழிபெயர்க்கிற அதே வாயால், கோட்டைக்குக் கிழக்கெல்லை பள்ளத்தாக்கு, மேற்கெல்லை சவக்காலை என்று தமிழில் சொல்லச் சொல்ல, பூரணம் கட்டிலில் சாய்ந்தபடி குறுக்கு விசாரணை செய்தாள்.

"இஞ்சாருங்கோ, நாப்பது அறை உள்ள வீட்டிலை ஒரு குமர்ப்பிள்ளை ஏன் தனியப் படுக்கிறாள்?"

"கதை அப்பிடி."

"குசினிக்காரியைக் கூப்பிட்டுப் பக்கத்திலை பாயைப் போடச் சொன்னால் கதை முடிஞ்சுதே."

"முடிஞ்சுபோமெண்டுதான் கூப்பிடேல்லை."

"மெழுகுதிரியைக் கொண்டு போறாள், அது காத்துக்கு நூருது. நேற்றும் நூந்தது, முந்தநாளும் நூந்தது. ஒரு அரிக்கன் லாம்பு வாங்க அந்தப் பிரபுவுக்கு வக்கில்லையோ?"

ஒரு மயக்கத்துக்கு ஒரு புளியங்கொட்டையாக அவள் ஒரு தகரப் பேணிக்குள் போட்டு வந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகளும் சேர்ந்து, இந்தா விழப்போறாள், இந்தா விழப்போறாள் என்று காத்திருப்பார்கள். ஒருநாள் வாட்டுத் தாதி மரியரட்ணம் மிஸி வந்து, "உங்கை என்ன சிரிப்பு? தையல் போட்ட ஆக்களும் கிடக்கினம்" என்று ஏசிவிட்டு, கதவடியில் நின்று அந்த அதிகாரம் முடியுமட்டும் கேட்டுவிட்டுத்தான் போனார். பூரணம் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நோகுது நோகுது என்று சிரிப்பாள். இருபது வருசமாக நான் விட்ட பகிடிக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. செத்துப்போன அந்த வெள்ளைக்காரன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கிளாரிந்தா கோபுரத்து அறைத் திறப்பைக் களவெடுத்துக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளுகிறாள். உள்ளே மணி அடிக்கிறது. அவள் அங்கே கண்டது... கண்டதைச் சொல்லாமல் மயங்கிவிடுகிறாள். பாகம் முடிந்தது.

அது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் டொக்டர் அம்மா வந்து, வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆப்பரேசன் என்று சொல்லிவிட்டுப் போனார். பூரணம் என் கையைப் பிடித்தாள்.

"உள்ளுக்கை என்ன இருந்ததெண்டு வெள்ளிக்கு முன்னம் சொல்லிப்போடுங்கோ."

"அதுக்கென்ன, நாளைக்கே சொல்லுறன்."

"உது தெரியாமல் அந்த மேசையிலை என்னாலை கிடக்கேலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிடித்த பிடி சிரிக்கிறவளின் பிடி அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசிகசாலையில் செயலாளர் தில்லைநாதன் இருந்தார். முப்பது வயது, பள்ளிக்கூட வாத்தியார், வாசிகசாலையின் இறப்பர் முத்திரையைச் சட்டைப்பையிலேயே கொண்டுதிரிகிறவர். இரண்டாம் பாகத்தைக் கொடுத்தேன். மூன்றாம் பாகத்தை எடுத்துக் கையில் தந்தார். தந்தே விட்டார்! அந்தக் கணம் வாயை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை.

"என்ன மார்க்கண்டு அண்ணை, வரலாறிலை நல்ல ஈடுபாடு போலை."

"ஓம் தம்பி, இந்த வரலாறிலை ஒரு பேய் இருக்கு. அதுக்கு எத்தினையாம் ஆண்டு முடிசூட்டினவை எண்டு பாக்கப்போறன்."

தில்லைநாதன் கையை நீட்டிப் புத்தகத்தைத் திருப்பி வாங்கினார்.

"பேயோ?"

"பகிடிக்குச் சொன்னனான்."

"பேய் இல்லையெண்டு நாங்கள் தீர்மானம் போட்டிருக்கிறம். இல்லாத ஒண்டு எங்கடை அலுமாரிக்கை எப்பிடி வந்தது?"

புத்தகம் அலுமாரிக்குள் போயிற்று. அலுமாரிக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பும் மூன்று நிருவாகிகளிடம். பூரணத்தின் நிலையைச் சொன்னேன். "ஐயோ, பாவம்" என்றார் தில்லைநாதன். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஒரு விண்ணப்பப் பத்திரத்தை எடுத்துத் தந்து, இரண்டு பிரதி வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் ஆழ்வாப்பிள்ளை மலாயாப் பென்சனியர். சிரம்பானில் இருபத்தேழு வருசம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்துவிட்டு, கோட்டோடும் சங்கிலி மணிக்கூட்டோடும் ஊருக்கு வந்தவர். என் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு எழுந்து பேசினார்.

"அன்பர்களே, இருபத்தேழு வருசத்திலை என்ரை கொடி இல்லாமல் ஒரு ரெயிலும் அசைஞ்சதில்லை. ஒருக்கால் ஒரு சாமான் வண்டி நெருப்புப் பிடிச்சு எரிஞ்சுகொண்டு வந்து நிண்டது. அங்காலை ஆறு இருக்கு, விடு விடு எண்டு சனம் கத்துது. நான் விட்டனோ? புறப்படுற நேரத்துக்கு இன்னும் பதினொரு நிமிசம் கிடந்தது. நிப்பாட்டி வைச்சிருந்தனான். வண்டி முழுக்க எரிஞ்சு சாம்பலாப்போச்சு. ஆனால் அன்பர்களே, சாம்பல் நேரத்துக்குப் புறப்பட்டது!"

சபை கைதட்டியது. நானும் தட்டினேன். புத்தகம் வேண்டுமே.

பிறகு செயலாளர் பிரச்சினையை விளக்கினார். "இந்தப் புத்தகத்தை வாசிச்சால் பயம் வருமெண்டு வையுங்கோ. அப்ப அது மூடநம்பிக்கையை வளக்கிற நூல், குடுக்கேலாது. பயம் வராதெண்டு வையுங்கோ. அப்ப அது பேய்க்கதையெண்டு சொல்லி வாசகரை ஏமாத்திற நூல். பொய் சொல்லுற நூலையும் குடுக்கேலாது."

"அப்ப எதைத்தான் குடுப்பியள்?" என்று கேட்டேன்.

"அளவான பயம் வருமெண்டால் குடுக்கலாம். விதி இடம் தருது."

"அளவு எவ்வளவு?"

"அதைச் சோதிச்செல்லோ பாக்க வேணும்."

சோதிக்கும் முறை பதினேழாம் விதியில் இருந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார். பயன் என்றால் சொல்லுக்குச் சொல் பொருள், அதன் உட்பொருள், அதிலிருந்து வருகிற நீதி எல்லாம். கட்டுக்கதை எதுவானாலும் சபையில் இவ்வாறு படித்துப் பயன் சொல்லப்பட்ட பின்னரே வெளியே போகலாம் என்பது விதி. பயன் சொல்லுவதில் ஏரம்புச் சட்டம்பியாரை மிஞ்ச வலிகாமத்தில் ஆள் இல்லை. எழுபது வயது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த காலத்தில் வந்த 'சட்டம்பியார்' என்ற பெயர் இன்னும் விடவில்லை. இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது. அது ஒரு குறை என்று சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சபை கூடியது. ஆசுபத்திரியில் பார்க்க விடுகிற அதே நாலு மணி. குத்துவிளக்கு, இரண்டு பலகை, ஒரு செம்பு தண்ணீர். வாசிக்கிறவன் நான்.

"மூண்டாம் பாகத்திலை இருந்து தொடங்குவம் ஐயா" என்றேன்.

"முதற் பாகத்தை விட்டிட்டு மூண்டாம் பாகத்திலை தொடங்கினால் அதுக்குப் பேர் படிப்போ? சுவரேறிக் குதிக்கிறது" என்றார் சட்டம்பியார். "முதலாம் பக்கத்தை எடும். இராகத்தோடை வாசியும், தம்பி. இராகம் இல்லாமல் எனக்குப் பயன் வராது."

எனக்குத் தெரிந்தது முகாரி ஒன்றுதான். ஒரு இங்கிலீசு வசனத்தை முகாரியில் இழுத்துப் பாடி, கீழே தமிழும் சொன்னேன்: மலைச்சாரலில் மழை இருட்டுக்குள்ளே ஒரு பழைய கோட்டை நின்றது.

சட்டம்பியார் கண்ணை மூடினார். "கோட்டை. கோட்டை எத்தினை வகை? நில அரண், நீர் அரண், மலை அரண், காட்டு அரண். ஆசிரியர் இஞ்சை எதைச் சொல்லுறார்? மலை. ஏன் மலையிலை கட்டினான்? பகைவன் ஏறாமல். பகைவர் ஆர்? காமம், கோபம், உலோபம், மோகம், மதம், மாச்சரியம். ஆறு பேர். அப்ப கோட்டை எது? இந்த உடம்பு. ஒன்பது வாசல்..."

"நாப்பது அறை, சட்டம்பியார்."

"நாப்பதும் அதுக்கை அடக்கம்."

முதல் வசனத்துக்கு ஒன்றே கால் மணித்தியாலம். இரண்டாம் வசனத்தில் மழை வந்தது; மழை எத்தனை வகை என்று தொடங்கினார். நான் யன்னலால் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசுபத்திரியில் பூரணம் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு மணிக்கு மணி அடித்துப் படிப்பு நின்றது. இரண்டு வசனம். தில்லைநாதன் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வர இருபத்தொரு வருசமும் நாலு மாசமும் செல்லும் என்று சபைக்கு அறிவித்தார்.

தலைவருக்குப் பெரிய மகிழ்ச்சி. "ஒரு சங்கத்தின்ரை வாழ்நாளிலை இருபத்தொரு வருசம் என்ன பெரிய காரியமே!"

"என்ரை பெண்சாதிக்கு மூண்டு நாள்தான் ஐயா இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான், நான் சொன்னது என் காதில் விழுந்தது. விளக்கைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்து, கூட்டம் ஆறு மணி நாலு நிமிசத்துக்கு முடிந்ததாக எழுதும்படி செயலாளருக்குச் சொன்னார்.

புதன்கிழமை விடிய, வேலைக்குப் போகாமல், சட்டம்பியாரின் தோட்டத்துக்குப் போனேன். புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, அக்கம்பக்கம் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கோட்டைக்கை ஆரேன் இருந்தவையோ?"

"ஏன் சட்டம்பியார்?"

"நேற்று முழுக்க நித்திரை இல்லை. மழைக்கை அது தனிய நிக்குது."

"பயந்துபோனியளோ?"

"சீ! பயன் சொல்லுறவன் பயப்பிடலாமோ? நித்திரை வரேல்லை, அவ்வளவுதான்."

நான் அவருடைய வாய்க்காலில் இறங்கி, சேற்றில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பகிடிக்காரன் அழுதால் ஆட்களுக்கு முதலில் நம்பிக்கை வராது. அவரும் கொஞ்ச நேரம் நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். பிறகு என் தோளைப் பிடித்து வரம்பில் ஏற்றினார். புராணத்திலும் ஒரு வழி இருக்கிறதாம். படிப்பு நடக்கும் காலத்தில் ஊரில் ஒரு பெரும் இடர் வந்தால், கடைசிப் படலத்தை மட்டும் படித்துப் பூர்த்தி செய்துவிடலாமாம். "உம்மடை பெண்சாதியின்ரை வருத்தத்தை ஊருக்கு வந்த இடராக எழுதச் சொல்லுறன்" என்றார். மண்வெட்டியைக் கழுவாமலே தலைவர் வீட்டுக்கு நடந்தார்.

தலைவர் சம்மதித்தார். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணி, கடைசி அதிகாரம் மட்டும். பயன் இல்லை; ஆனால் வாசிப்பவனுக்கு எவ்வளவு பயம் வருகிறது என்று மூன்று நிருவாகிகள் நேரில் கண்டு பதிய வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆசுபத்திரியில் மரியரட்ணம் மிஸி ஒரு கடதாசியைத் தந்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. எல்லாரிட்டையும் வாங்கிற ஒப்பம்தான்."

ஆயிரம் உறுதி எழுதினவன் நான். ஒவ்வொன்றையும் மூன்று தரம் வாசித்து, எல்லை பார்த்து, சாட்சி பார்த்துத்தான் மற்றவனை ஒப்பம் வைக்க விடுவேன். இந்தப் பத்து வரியை என்னால் முழுதாக வாசிக்க முடியவில்லை. மூன்றாம் வரியில் 'எது நேர்ந்தாலும்' என்று இருந்தது. நாலு பக்கமும் எல்லை போடாத உறுதி அது. ஒப்பத்தை வைத்துவிட்டு வாசிகசாலைக்குப் போனேன்.

மூன்று திறப்பும் வந்து அலுமாரி திறந்தது. என்னை நடுவில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். தலைவர் மணிக்கூட்டோடு எதிரே. சட்டம்பியார் என் இடக்கை நாடியைப் பிடித்தார். தில்லைநாதன் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியை என் வலக்கைக்கு மேலே பிடித்து மயிர் சிலிர்க்கிறதா என்று பார்த்தார். நான் வாசித்தேன்.

கோபுரத்து அறைக்குள் பேய் இல்லை. ஒரு கிழவி இருந்தாள். பிரபுவை வளர்த்த ஆயா. அவன் செய்த ஒரு கொலை அவளுக்குத் தெரிந்தபடியால் பதினெட்டு வருசமாகப் பூட்டி வைத்திருந்தான். வாய் பேசாத ஒரு வேலைக்காரன் கதவின் கீழால் ரொட்டி தள்ளிவிடுவான். பொழுது பட்டதும் அவள் மணி அடித்திருக்கிறாள். ஆரும் வரமாட்டார்களா என்று அடித்திருக்கிறாள். அடிக்க அடிக்க எல்லாரும் ஓடியிருக்கிறார்கள்.

வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். முதல் இரண்டு பாகத்திலும் இதற்காகவா ஓடினீர்கள் என்று ஒரு நல்ல பகிடி நாக்கின் நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. புத்தகம் கையில் ஆடியது. எழுத்துத் தெரியவில்லை. தெரியாத எழுத்தையும் வாசித்தேன்.

செயலாளர் பதிந்ததை நான் பிறகு பார்த்தேன். 'இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்: கை நடுக்கம். பதினைந்து: நாடி மிக வேகம், குரல் அடைப்பு. பதினெட்டு: கண்ணீர் (பத்திரத்தில் இதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை).' அதற்குப் பக்கத்தில், தலைவர் எழுந்து யன்னலைச் சாத்தினார் என்பதைப் பதிந்து பிறகு வெட்டியிருந்தது.

தீர்மானம் உடனே நிறைவேறியது: இந்நூல் அளவுக்கு மிஞ்சிய பயத்தை விளைவிப்பது கண்கூடாக நிரூபிக்கப்பட்டபடியால் நிரந்தரமாகப் பூட்டி வைக்கப்படும், அலுமாரிக்கு நாலாவது பூட்டு வாங்கப்படும்.

நான் நாலு மணிக்கு ஆசுபத்திரியில் நின்றேன். பூரணத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மற்றக் கட்டில்காரிகளும் தலையைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பிறகு அந்த மனுசியை ஆரேன் கீழை கூட்டிக்கொண்டு வந்தவையோ?" என்றாள் பூரணம்.

"அது புத்தகத்திலை இல்லை."

"இல்லையோ, நீங்கள் பாக்கேல்லையோ?"

"கடைசி அதிகாரம் மட்டுந்தான் விட்டவை. பிறகு கிளாரிந்தாவுக்குக் கலியாணம் நடக்குது. வெள்ளைக் குதிரை பூட்டின வண்டியெல்லாம் வருது."

"கலியாணத்துக்கெண்டாலும் அவவைக் கூப்பிட்டிருப்பினமோ?"

"ஓம் ஓம். கூட்டிக்கொண்டு வந்து, முழுக வார்த்து, முன் கதிரையிலை இருத்தினவை. முதல் பந்தி அவவுக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். "முழுக வார்த்ததோ? உது வெள்ளைக்காரன் எழுதினதில்லை. உது நீங்கள்."

"ஓம்."

"சரி, உப்பிடியே இருக்கட்டும்." போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் உள்ளுக்கை இருக்கேக்கை வெளியிலை ஆர் இருப்பினம்?"

"நான் இருப்பன்."

"வேறை?"

அவளுடைய தமையன் வல்வெட்டித்துறையில் இருந்து பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போயிருந்தான். எனக்கு ஆட்கள் இல்லை. "நான் தான்" என்றேன்.

"தனிய இருந்தால் நீங்கள் பயப்பிடுவியள்" என்றாள். தனக்காக அல்ல, எனக்காகத்தான் கவலைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளி விறாந்தையில் உட்கார ஒரு நீள வாங்கு. அதில் ஒரு தொங்கலில், ஓரமாக இருந்தேன். உள்ளே இரும்புத் தட்டில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. இனிப்பும் எரிவும் கலந்த ஒரு மருந்து மணம் கதவுக்குக் கீழால் வந்தது.

எட்டு மணிக்கு வெளிக் கேற்றால் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் தலைவர் கோட்டோடும் குடையோடும். பின்னால் தில்லைநாதன் கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு. கடைசியில் சட்டம்பியார், வேகமாக நடக்க முடியாமல்.

"மார்க்கண்டர், ஒரு பிழை நடந்துபோச்சு" என்றார் தலைவர். "நேற்று நீர் பயந்ததுக்கு அத்தாட்சிப் பத்திரத்திலை உம்மடை ஒப்பம் வாங்கேல்லை. இருபத்துநாலு மணித்தியாலத்துக்கை வாங்காட்டில் தீர்மானம் செல்லாது."

தில்லைநாதன் பத்திரத்தை வாசித்தார். "மேற்படி மார்க்கண்டு ஆகிய நான், மேற்படி நூலினால், மேற்படி தினம் பயந்தேன். இஞ்சை ஒரு ஒப்பம், அண்ணை."

"நூலினாலை இல்லை" என்றேன்.

"என்ன?"

"நான் அந்தப் புத்தகத்துக்குப் பயப்பிடேல்லை."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூண்டு பேர் கண்ணாலை பாத்து, மணிக்கூடு வைச்சுப் பதிஞ்சது. நாடி ஓடினது. கை நடுங்கினது. புத்தகத்துக்கு இல்லையெண்டால் வேறை எதுக்குப் பயந்தநீர், காணும்?"

நான் எதிரேயிருந்த கதவைப் பார்த்தேன். மூன்று பேரும் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார்கள். உள்ளே யாரோ மெதுவாக ஏதோ சொல்ல, இன்னொரு தட்டுச் சத்தம் கேட்டது.

தலைவர் வாங்கில் இருந்தார். குடையை மடியில் வைத்தார். தலைப்பாகையைக் கழற்றினார், அது இல்லாமல் அவரை நான் கண்டதில்லை, ஒரு சின்ன மொட்டைத் தலை.

தில்லைநாதன் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை விரித்தார். "ஐயா, காரணம் புத்தகம் இல்லையெண்டால் தீர்மானம் செல்லாது. தீர்மானம் செல்லாதெண்டால் கூட்டம் திரும்பக் கூட வேணும். எங்கை கூடுறதெண்டு எழுத?"

"இஞ்சை."

"எப்ப?"

"இப்ப."

"எத்தினை மணி வரைக்கும் எண்டு போட?"

தலைவர் மணிக்கூட்டை எடுத்தார். அதைப் பார்த்தார். திரும்பப் பைக்குள் வைத்தார். தில்லைநாதன் அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார்.

சட்டம்பியார் என் பக்கத்தில் வந்திருந்து, நேற்றுப் போலவே என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கவில்லை. "தம்பி, ஏதேன் வாசியும். நான் பயன் சொல்லுறன்."

"புத்தகம் இல்லையே, சட்டம்பியார்."

"அப்ப வாயிலை வந்ததைக் கதையும்."

கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. பூரணம் கலியாணமான புதிதில், நான் எழுதிய ஒரு உறுதியை அடுப்பு மூட்டப் பாவித்தது. பெறக்கிராசியார் ஆள் அனுப்பித் தேடியபோது அவள் படலையடியில் நின்று சாம்பலை ஒரு பேணியில் போட்டுக் கொடுத்துவிட்டது. இப்படி. ஏரம்புச் சட்டம்பியார் ஒரு சொல்லுக்குக்கூடப் பயன் சொல்லவில்லை. "ஓம்" என்றார். "ஓம் தம்பி, ஓம்" என்றார். ஒன்பது மணி போயிற்று, பத்து மணி போயிற்று. கட்டியை எடுத்தாயிற்று, கண் திறக்குமட்டும் பார்த்துத்தான் எதையும் சொல்லலாம் என்று ஒரு மிஸி ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் எழும்பவில்லை. தலைவர் சிரம்பானில் செத்துப்போன தன் பெண்சாதியைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். அன்றைக்கும் தான் டியூட்டியில் நின்றதாகச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட மரியரட்ணம் மிஸி வெளியே வந்தார். நெற்றி முழுக்க வேர்வை. வாங்கில் இருந்த எங்களை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை பார்த்தார்.

"பூரணம் கண் முழிச்சிட்டா. கதைக்க விடாதேங்கோ, சிரிக்கவும் விடாதேங்கோ. ஒரே ஒராள்தான் உள்ளுக்கை வரலாம்."

நாலு பேரும் எழும்பினோம்.